தாம்பூலப் பையில் நீல மாத்திரை

முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வரும். இவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொள்கிறார்களா, அல்லது மாத்திரைக்குத் தொட்டுக்கொள்ளச் சாப்பாடு சாப்பிடுகிறார்களா? நியாயமான சந்தேகம். அதை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது மாதத்தில் அது தானாகவே போய்விடும். அதன் பிறகுதான் நம்மால் ஆபத்து ஆரம்பிக்கிறது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு இல்லத்தில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரைப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், அதைக் கடைசி வரி வரை படிக்கும் அபூர்வ ஜாதியைச் சேர்ந்தவள். நாவல் படிக்கிறவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவதுபோல நான் பக்க விளைவுகளை முதலில் படிப்பேன். எல்லாக் கதையும் அங்கேதான் இருக்கிறது. நாள், கிழமை விஷயத்திலும் நான் பிடிவாதக்காரி. 'போன வாரம் ஒரு நாள்' என்று யாராவது ஆரம்பித்தால், எந்த நாள் என்று சொல்லும்வரை மேலே பேச விடமாட்டேன். இதனால் என்னிடம் கதை சொல்ல வந்து பாதியில் எழுந்து போனவர்கள் பலர்.

கிழமைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் இல்லத்துக்கு வந்துபோகும் டாக்டர்களுக்கு ஆளுக்கொரு கிழமை. திங்கள் இதயம், புதன் சிறுநீர், வெள்ளி மூளையும் நரம்பும். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. திங்கள் டாக்டர், புதன் டாக்டர், வெள்ளி டாக்டர், அவ்வளவுதான். கோயிலில் நவகிரகங்கள் ஒரே மேடையில் நின்றாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை அல்லவா? அதே ஏற்பாடு. இன்னொன்று, ஒருவர் எழுதிய மருந்தை மற்றவர் அடிக்கமாட்டார். அது தொழில் மரியாதை. அந்த மரியாதையின் முழுச் சுமையும் விழுந்தது மூன்றாவது மாடி மைமூன் அம்மாவின் வயிற்றில்.

மைமூன் அம்மா தி.நகரில் பல வருடங்கள் ரவிக்கை தைக்கும் கடை நடத்தியவர். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் போய்விட்டார். ஒரே மகன் சலீம், பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. அறைத் தோழி மயிலாப்பூர் கோமளா மாமி. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் ரம்மி. மத்தியானம் காபி வந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வரும். மைமூன் அம்மா ஆட ஆரம்பித்தால் மற்றவர்கள் தோற்பதற்கென்றே உட்கார வேண்டும்.

"மாமி, அந்த டைமண்டு ராணிய இன்னும் எவ்ளோ நேரம் மடியில வெச்சிக் கொஞ்சப் போறே? கீழ போடு. எனக்கு வேணும்."

"வேணும்னு சொன்னேளோன்னோ, இனிமே போடமாட்டேன்."

"நீ போட மாட்டேன்னு தெரிஞ்சிதான் கேட்டேன். எனக்கு வேண்டியது கிளாவர் எட்டு."

மாமி கலவரப்பட்டுக் கிளாவர் எட்டைப் பத்திரப்படுத்துவார், டைமண்ட் ராணியைக் கீழே போடுவார். மைமூன் அம்மா ராணியை எடுத்துக்கொண்டு 'டிக்' என்று சீட்டைக் கவிழ்ப்பார். ஆட்டம் முடிந்தது. இப்படிப்பட்ட மூளைக்குத்தான் அந்த வருடம் பூட்டுப் போடப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பே அவருடைய மாத்திரைகள் ஒரு குடும்பமாகப் பெருகியிருந்தன. இரத்த அழுத்தத்துக்குத் திங்கள் டாக்டர் கொடுத்த மாத்திரையால் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் பிரிய ஒன்று. நீர் அடிக்கடி பிரிந்ததால் அதை அடக்கப் புதன் டாக்டரிடமிருந்து ஒன்று. அது மலச்சிக்கலைக் கொண்டுவந்ததால் அதற்கு ஒன்று. தாத்தா மாத்திரை, அப்பா மாத்திரை, பேரன் மாத்திரை, கொள்ளுப்பேரன் மாத்திரை என்று நான்கு தலைமுறை ஒரே டப்பாவில் கூட்டுக்குடித்தனம். இருந்தாலும் அவர் சீட்டில் தோற்கவில்லை. அதனால் யாரும் கவலைப்படவில்லை.

நவராத்திரி வந்தது. கோமளா மாமி அறையில் மூன்று படிக் கொலு. மாடியில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும், மதம் ஜாதி பார்க்காமல், தாம்பூலப் பை. அந்த வாரம் அக்கா பெண்ணின் பிரசவத்துக்காக நான் லீவில் இருந்தேன். விஜயதசமிக்கு மறுநாள் திரும்பி வந்தபோது மூன்றாவது மாடி ஊமையாகியிருந்தது. டிவி ரிமோட்டுக்குச் சண்டை இல்லை. காபி ஆறிப்போச்சு என்று புகார் இல்லை. ஒன்பது மணிக்கே எல்லோரும் தூக்கம், காலையிலும் பாதித் தூக்கம். மேனேஜருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. "பாத்தீங்களா சிஸ்டர், கொலு வெச்சதுல ஒரு தெய்வீக அமைதி" என்றார். சுண்டல் மயக்கம் என்று சமையல்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார். இந்தத் தொழிலில் ஒரு மாடி திடீரென்று அமைதியானால் சாமி கும்பிடாதீர்கள். தேட ஆரம்பியுங்கள். நானும் தேடினேன். சமையலறையையும் மருந்து அலமாரியையும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

மற்றவர்கள் தூங்கி வழிந்ததோடு சரி. மைமூன் அம்மா வேறு திசையில் போனார். முதலில் சீட்டில் தோற்றார். பிறகு ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சிஸ்டரு, அந்தப் பூனைய எறக்கு."

"எந்தப் பூனைம்மா?"

"திரைச்சீலை கம்பி மேல குந்திக்கினு கீதே, அதான். என் சீட்டப் பாத்துப் பாத்து மாமிக்கு ஜாடை காட்டுது. இல்லாங்காட்டி மாமி ஜெயிப்பாளா?"

கோமளா மாமி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். கம்பி மேல் ஒன்றும் இல்லை.

வெள்ளி டாக்டர் பூனைக்கு ஒரு மாத்திரை எழுதினார். பூனை போகவில்லை, கை நடுங்க ஆரம்பித்தது. சீட்டை விசிறிபோல விரித்துப் பிடிக்க முடியாமல் மடியில் கொட்டிக்கொண்டார். நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை வந்தது. பூனை குட்டி போட்டது.

பிறகு அந்தக் கிழமைப் பரீட்சை. வெள்ளிக்கிழமை உறவில் ஏதோ முகூர்த்தம் என்று வெள்ளி டாக்டர் அந்த வாரம் வியாழனே வந்துவிட்டார். மைமூன் அம்மாவின் நினைவாற்றலைச் சோதிக்கக் கேள்விகள் கேட்டார்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

மைமூன் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது இன்னா கேள்வி நைனா? வெள்ளிக்கிழமை."

டாக்டர் தப்பு என்று குறித்துக்கொண்டார்.

"டாக்டர், நீங்க வந்தா அது வெள்ளிக்கிழமைதான். இந்த மாடியில எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கே காலையில உங்களப் பாத்ததும் திக்குனு ஆச்சு" என்றேன்.

"வியாழன்னா வியாழன்தானே சிஸ்டர்" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மார்க் போடுகிற பென்சில் கையில் இருந்தால் எந்த நல்ல மனிதருக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை சலீம் வந்து மேனேஜரோடு பேசிவிட்டு என்னிடம் வந்தார். எங்கள் இல்லத்துக்குப் பெருங்குடியில் ஒரு கிளை உண்டு. அங்கே ஞாபகமறதி முற்றியவர்களுக்குத் தனிப் பிரிவு. கதவில் எண்களை அழுத்தினால்தான் திறக்கும் பூட்டு. உள்ளே இருக்கிற யாருக்கும் அந்த எண் தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது, அதுதான் ஏற்பாடு. திங்கட்கிழமை காலை அம்மாவை அங்கே மாற்றுவதாக முடிவாகிவிட்டது.

"என் ஆபீஸ் பக்கத்துலயே இருக்கு சிஸ்டர். தினம் பாத்துக்கலாம். இங்க எங்கயாவது விழுந்து எலும்ப ஒடச்சிக்கிட்டா யார் பதில் சொல்றது?" அம்மாவைத் தள்ளிவிடுகிற மகன் இல்லை அவர். பயந்துபோன மகன்.

மைமூன் அம்மாவுக்கு விஷயம் புரிந்திருந்தது. பூனைகளுக்கு நடுவிலும் அது புரிந்திருந்தது. "என்ன பைத்தியம்னு பூட்டி வெக்கப் போறானா?" என்று என்னைக் கேட்டார். போர்வையைச் சரிசெய்தேன். நம் தொழிலில் பதில் இல்லாத இடங்களில் எல்லாம் ஒரு போர்வை இருக்கும்.

சனிக்கிழமை காலை அவருடைய துணிமணியை எடுத்துவைக்க அறைக்குப் போனேன். மைமூன் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கோமளா மாமி மூக்கைச் சிந்திக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தார்.

"சிஸ்டர், நவராத்திரிக்கு நீங்கோ ஊர்ல இல்லை. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். தேங்காய் அழுகிடுத்து, தூக்கிப் போட்டுட்டேன். பாக்கி எல்லாம் அப்படியே இருக்கு."

பையைப் பிரித்தேன். மஞ்சள், குங்குமம், குட்டிச் சீப்பு, குட்டிக் கண்ணாடி, ரவிக்கைத் துணி. அடியில் ஒரு பிளாஸ்டிக் புட்டி. உள்ளே பளபளவென்று நீல மாத்திரைகள். அமெரிக்கச் சரக்கு.

"மாமி, இது என்ன?"

"தூக்கத்துக்கு. என் பொண்ணு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டிட்டா. அங்கே மளிகைக் கடையிலயே விக்கிறாளாம், டாக்டர் சீட்டே வேண்டாமாம். வைட்டமின் மாதிரி. எனக்கு எதுக்கு? நான்தான் படுத்தா கும்பகர்ணியாச்சே. வீணாப் போவானேன்னு எல்லார் பையிலயும் ஒண்ணொண்ணு போட்டுட்டேன். மைமூனுக்கு மட்டும் ரெண்டு புட்டி. பாவம், ராத்திரி அவளுக்குத்தான் தூக்கமே கிடையாது."

புட்டியின் பின்பக்கம் எறும்பு எழுத்து. படித்தேன். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற பழைய மருந்து, தூக்கம் வரும் என்பதால் தூக்கத்துக்கு விற்கிறார்கள். வயதானவர்களுக்கு வாயை உலர்த்தும், வயிற்றைக் கட்டும், புத்தியைக் கலக்கும். மைமூன் அம்மா சிறுநீருக்குச் சாப்பிட்டதும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற மருந்து. நடுக்கத்துக்கு வந்ததும் அதே ரகம். மூன்றும் ஒரே தலைக்குள் போய் உட்கார்ந்தால் பூனை வராமல் யார் வருவார்?

முதல் வேலை, புட்டிகளைத் திரும்ப வாங்குவது. சுலபம் என்று நினைத்தேன். மாமியையே வாங்கித்தரச் சொன்னேன். மாமி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"தாம்பூலத்தைத் திருப்பிக் கேக்கறதா? நவராத்திரியில வெச்சுக் கொடுத்ததை! நன்னா இருக்கே!"

நான் அறை அறையாகப் போனேன். அங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து அதே சட்டம். வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவமரியாதை. அதோடு, நன்றாகத் தூக்கம் வரவழைக்கும் பொருளை யார் விடுவார்? கடைசி அறையில் ஒரு கிறிஸ்தவ அம்மா, "மாமி அன்பா குடுத்தது சிஸ்டர், நான் எப்படித் தர்றது?" என்று தலையணையின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

அப்போதுதான் என் கையிலிருந்த ரவிக்கைத் துணி கண்ணில் பட்டது. ஊதாவில் மஞ்சள் பூ. இரண்டு நவராத்திரிக்கு முன்னால் நான் கோமளா மாமிக்கு வைத்துக்கொடுத்த அதே துணி. உங்களுக்கும் தெரியும், தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணியை நம் ஊரில் யாரும் தைத்துக்கொள்வதில்லை. சுற்றி விடுவார்கள். மைமூன் அம்மா கடையில் சொல்வாராம், "இது ஒரு ரவிக்கைக்குப் பத்தாதும்மா, சுத்தறதுக்குதான் லாயக்கு." திருப்பிக் கொடுப்பதுதான் பாவம். அடுத்தவருக்குக் கொடுப்பது புண்ணியம்.

மத்தியானம் மாடி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த வருஷம் நவராத்திரிக்கு மாமியத் தவிர எனக்கு யாருமே வெச்சுக் கொடுக்கல. மூணாவது மாடிக்கு நான் அவ்ளோ வேண்டாதவளா?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். "புதுசா ஒண்ணும் வேண்டாம். உங்க பையில வந்த அந்த நீல புட்டியே போதும். எனக்கும் தூக்கமே இல்ல."

சாயங்காலத்துக்குள் என் மடியில் அத்தனை புட்டியும் வந்து சேர்ந்தன. கூடவே ஏழெட்டு ரவிக்கைத் துணிகளும். கிறிஸ்தவ அம்மா தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "நல்லாத் தூங்குங்க சிஸ்டர்" என்று ஆசீர்வதித்தார்.

இரண்டாவது வேலை டாக்டர்கள். அதற்குக் காலண்டர் உதவியது. தீபாவளிக்குப் பிறகு வரும் ஞாயிறன்று எங்கள் இல்லத்தில் டாக்டர்களுக்குப் பொன்னாடை போடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நவகிரகங்கள் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு. பொன்னாடையோடு அவர்களை அப்படியே மூன்றாவது மாடிக்கு அழைத்துப்போய் ரம்மி மேசையைச் சுற்றி உட்காரவைத்தேன். சக்கர நாற்காலியில் மைமூன் அம்மா. சுவரோரம் சலீம். மேசை நடுவில் அம்மாவின் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக முகம் தெரியப் பரப்பினேன். கடைசியாக நீலப் புட்டியை வைத்தேன்.

"இத யார் எழுதினது?" என்றார் புதன் டாக்டர்.

"நவராத்திரி" என்றேன். விவரத்தைச் சொன்னேன்.

மூவரும் புட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள். புட்டியை நிறுத்துவதில் கருத்து வேறுபாடே இல்லை. அது அவர்கள் யாரும் எழுதியதில்லையே. மற்ற அட்டைகளிடம் வந்ததும் மரியாதை குறுக்கே வந்து உட்கார்ந்தது.

"என்னோடத வேணா கொறைக்கலாம்" என்ற வெள்ளி டாக்டர், புதன் டாக்டரைக் காட்டினார். "ஆனா சார் கொடுத்தது அவர் துறை. நான் எப்படிச் சொல்றது?"

"நோ நோ, நீங்க சொல்லலாம் சார்" என்றார் புதன் டாக்டர். "ஆனா அது நீர் மாத்திரையாலதானே வந்தது? அது திங்கள் சாரோடது."

திங்கள் டாக்டர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

மைமூன் அம்மா இவ்வளவு நேரமும் நடுங்கும் விரலால் அட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"ஏன் நைனா, ரம்மி ஆடுவீங்களா நீங்கள்லாம்?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு சீட்டு எடுத்தா ஒண்ணு எறக்கணும். மூணு பேரும் எடுத்து எடுத்து என் கையில சொருவிக்கினே கீறீங்க. எறக்கறவன் ஒருத்தனும் இல்ல. பதிமூணுக்கு மேல கையில வெச்சிக்கினா அது ஆட்டமா? தோ, அந்தப் பூனைகூட சிரிக்குது."

முதலில் சிரித்தவர் திங்கள் டாக்டர். அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "இதுக்குப் பதிலா கால் வீங்காத வேற மருந்து தர்றேன். வீக்கம் வத்தினா நீர் மாத்திரை வேண்டாம்." புதன் டாக்டர் தன்னுடையதை இறக்கினார். வெள்ளி டாக்டர், "என் ரெண்டையும் ஒரேயடியா நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம்" என்றார். அதுவும் சரி. உற்சாகத்தில் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டுகிற வேலை நமக்கு வேண்டாம். ஏற்றியதைவிட இறக்குவதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

சலீம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு வண்டி சொல்லியாச்சு சிஸ்டர். அம்மா சரியாயிடுவாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

இந்தக் கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரும். பொய் சொல்லாதீர்கள்.

"முடியாது தம்பி. ஒருவேளை மறதியும் இருக்கலாம். ஆனா மருந்து எவ்வளவு, மறதி எவ்வளவுன்னு தெரியாமப் பூட்டாதீங்க. கார்த்திகை தீபம் வரைக்கும் டைம் குடுங்க."

"அதுக்குள்ள விழுந்துட்டாங்கன்னா?"

"விழலாம். அங்கயும் விழலாம். இங்க விழுந்தா என்னத் திட்டலாம்."

வண்டியை ரத்து செய்தார். எடுத்துவைத்த பையைப் பிரிக்கவில்லை.

முதல் வாரம் நரகம். மைமூன் அம்மாவுக்குத் தூக்கம் போனது. இல்லத்தில் ஒருவரையும் விடாமல் திட்டினார். மேனேஜர் தினமும் என்னை நிறுத்தி, "அந்தத் தெய்வீக அமைதி என்னாச்சு சிஸ்டர்?" என்று கேட்டார். மாடி முழுக்கப் பழையபடி ரிமோட் சண்டை. எனக்குள்ளும் பயம்தான். பதில் தெரிந்து காத்திருப்பது வேறு, தெரியாமல் காத்திருப்பது வேறு. பிறகு ஒருநாள் காலில் வீக்கம் வடிந்தது. அதற்கப்புறம் நடுக்கம் குறைந்தது. பூனைகள் எப்போது போயின என்று கேட்டேன். "எலி கெடைக்கல, போய்ட்சி" என்றார்.

அந்த வருடம் தீபம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி டாக்டர் திருவண்ணாமலை போகிறவர், அதனால் முந்தின நாளே வந்துவிட்டார். சலீமும் வந்திருந்தார், பிரிக்காத அந்தப் பையைப் பார்த்தபடி. மேசையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மைமூன் அம்மா சீட்டுகளை விசிறியாகப் பிடித்திருந்தார். ஓரத்துச் சீட்டு ஒன்று மட்டும் லேசாக ஆடியது.

டாக்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

சலீம் எழுந்து நின்றுவிட்டார்.

மைமூன் அம்மா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உன்னப் பாத்தா வெள்ளி. காத்தால குடுத்த பொங்கலப் பாத்தா வியாழன். நீ மாறி மாறி வருவே நைனா, பொங்கல் மாறாது. வியாழன்."

டாக்டர் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சலீமு, எதுக்கு அங்க கம்பம் மாதிரி நிக்கறே? அந்தப் பையப் பிரிச்சி என் துணிங்கள அலமாரில வை. மாமி, நீ அந்த ராணிய இன்னும் எத்தினி நாளு கொஞ்சப் போறே?"

கோமளா மாமி ராணியை மார்போடு அணைத்துக்கொண்டார். "போடமாட்டேன்."

"போடாதே. எனக்கு வேணாம்" என்று சொல்லி, மைமூன் அம்மா சீட்டைக் கவிழ்த்தார். "டிக்."